மொட்டையடித்த நாய் ஏன் ஒளிந்துகொள்கிறது?

நான்கு கால் உறவு - 14

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே க்ரூமிங் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பொமரேனியன் என்ற பெயரில் நம் வீடுகளில் வளரும் ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி என்று அடர்ந்த ரோமம் கொண்ட நாய்களைக் கூட்டிவந்து, "வெயில் தாங்கல, மொட்டையடிச்சு விட்டுடுங்க" என்கிறார்கள். சில மணி நேரத்தில் பாதி உடம்பாகத் திரும்பி வரும் நாயை வீடே சுற்றி நின்று பார்க்கிறது. அது வாலை இடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. "பாவம், வெட்கப்படுது" என்று யாராவது ஒருவர் சொல்ல, மற்றவர்களும் அதையே நம்பிவிடுகிறார்கள். இந்த விளக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். நாயின் இந்த நடத்தைக்கான காரணத்தை முதலில் அதன் தோலில் தேட வேண்டும் என்பது என் வாதம். வெட்கம் என்று முடிவு கட்டிய நிமிடமே அந்தத் தோலைப் பார்க்க நமக்குத் தோன்றாமல் போகிறது.

வெட்கம் என்பவர்களின் பக்கத்தில் பெரிய பெயர்களும் உண்டு. நாய்க்கு வெட்கம் உண்டு, அது அச்சத்திலிருந்து வேறுபட்டது என்று 1871-இல் வெளியான தன் நூலில் டார்வினே எழுதியிருக்கிறார். ஆனால் முகத்தையும் உடலையும் பார்த்து உள்ளத்தைப் படிப்பதில் நாம் எவ்வளவு எளிதாகச் சறுக்குகிறோம் என்பதைப் பிற்காலத்து ஆய்வுகள் காட்டிவிட்டன. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவரிடம் சொல்லப்படும். சில முறை உண்மை, சில முறை பொய். தலையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பி, காதை மடக்கும் அந்தக் 'குற்றவாளிப் பார்வை', தப்பு செய்ததோடு பொருந்தவில்லை, திட்டு வாங்கியதோடுதான் பொருந்தியது. ஒன்றும் செய்யாமலே திட்டு வாங்கிய நாய்கள் அதை இன்னும் அதிகமாகக் காட்டின. மொட்டையடித்த நாய்க்கும் இது பொருந்தும். நான்கைந்து பேர் சூழ்ந்து நின்று, குரலை உயர்த்திச் சிரித்து, கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினால், ரோமம் முழுசாக உள்ள நாயும் வாலை இடுக்கும்.

'நாய்க்குத் தன் தோற்றம் மாறியது தெரியாதா?' என்று கேட்கலாம். கார்டன் கேலப் 1970-இல் சிம்பன்சிகளுக்கு வைத்த கண்ணாடிச் சோதனை புகழ்பெற்றது. உடலில் இட்ட அடையாளத்தைக் கண்ணாடியில் பார்த்து, அது தன்மேல் இருப்பதாக உணர்ந்து சிம்பன்சிகள் தொட்டுப் பார்த்தன. நாய்கள் அந்தச் சோதனையில் தேறியதில்லை. ஆனால் 2017-இல் ஹோரோவிட்ஸ் அதே கேள்வியை மூக்கின் வழியாகக் கேட்டார். தன் சொந்தச் சிறுநீரின் மணத்தோடு வேறொரு மணம் கலந்திருந்தால் நாய்கள் அதைக் கூடுதல் நேரம் முகர்ந்தன. தான் என்ற உணர்வு நாய்க்கு எந்த அளவில் இருந்தாலும், அதில் உருவத்தைவிட மணத்துக்குப் பங்கு அதிகம் என்று கருத இது இடம் தருகிறது. அப்படியானால் கடையில் பூசிய ஷாம்பு, பவுடர், வாசனைத் திரவம் ஆகியவை முடிவெட்டைவிட நாயை அதிகம் குழப்பக்கூடியவை. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், திரும்பி வந்த நாயைப் புதிய ஆளைப் போல முகர்ந்து உறுமுவதும் இதனால் நடக்கலாம்.

இனி தோலுக்கு வருவோம். ஸ்பிட்ஸ், ஹஸ்கி போன்ற நாய்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம். அடியில் பஞ்சுபோன்ற மென்மையான உள்முடி. அதற்கு மேல் நீண்ட, முரடான காப்புமுடி. ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் நரம்பு நுனிகள் உண்டு. முடி அசைந்தால் அந்தச் செய்தி மூளைக்குப் போகும். சாதாரணமாக இளங்காற்றோ ஈயோ பட்டால் காப்புமுடியின் நுனியே அதைத் தாங்கிவிடும். கிளிப்பரில் 10-ஆம் எண் பிளேடு ஓடினால் மிஞ்சுவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே இருக்கும் தோலின் மேலடுக்கு மனிதத் தோலைவிட மிக மெல்லியது. மூன்று முதல் ஐந்து செல் அடுக்குகள்தான். திருப்பதியிலோ பழநியிலோ முடி இறக்கியவர்களுக்கு முதல் நாள் தலையில் காற்று படும் கூச்சம் தெரியும். நாய்க்கு அது உடம்பு முழுக்க. அந்த நாயை அருகிலிருந்து கவனித்தால் விஷயம் விளங்கும். நான்கு அடி நடக்கும், சட்டென்று நின்று திரும்பித் தன் இடுப்பைப் பார்க்கும், உடனே உட்கார்ந்துவிடும். அங்கே யாரோ தொட்டதுபோன்ற உணர்வு அதற்கு. மின்விசிறிக் காற்று பட்டாலே முதுகுத் தோல் சிலிர்க்கும். வயிறு, தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் சூடேறிய பிளேடு உரசிய எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். அங்கே விடாமல் நக்குவதும், பின்புறத்தைத் தரையில் தேய்ப்பதும், வாலை இடுக்கி உட்காருவதும் அதனால்தான். இதோடு, கடையில் கழுத்துப்பட்டியில் கட்டுண்டு, டிரையர் இரைச்சலுக்கு நடுவே மேசைமேல் நின்ற களைப்பும் சேர்கிறது.

மொட்டையடித்ததும் துள்ளிக் குதித்து ஓடும் நாய்களும் உண்டே என்பது நியாயமான மறுப்பு. உண்மைதான், அதுவும் தோலின் செய்திதான். ரோமம் சடைபிடித்துக் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை காலை எடுத்து வைக்கும்போதும் அக்குளிலும் காதோரத்திலும் தோல் சுண்டி இழுபடும். சடைக்கு அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். அந்த நிலையில் வழித்து எடுப்பதுதான் வைத்தியம். பல மாத வலி ஒரே மணி நேரத்தில் தீர்ந்த நாய் துள்ளத்தான் செய்யும். ஷிட்சூ, பூடில், லாசா ஆப்சோ போன்றவற்றின் முடி நம் தலைமுடியைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. அளவாக வெட்டித்தான் ஆக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்காகவோ ஸ்கேனுக்காகவோ மருத்துவர் மழிப்பதும் தவிர்க்க முடியாதது. ஆகவே என் ஆட்சேபம் கத்தரியின் மேல் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் இரட்டை ரோமத்தை வெயிலின் பெயரால் அடியோடு வழிப்பதன் மேல்தான்.

வெயில் வாதம் பார்வைக்கு வலுவானது. நாமே கம்பளியைக் கழற்றிவிட்டுத்தானே கோடையைக் கழிக்கிறோம்? ஆனால் நாம் தோல் முழுக்க வியர்த்துக் குளிர்பவர்கள். நாய்க்குக் குளிர்விக்கும் வியர்வை பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே சுரக்கிறது. அதன் பிரதான வழி, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது. முதுகை வழிப்பதால் அந்த வழி அகலமாவதில்லை. ரோமம் வெயிலையும் தடுக்கிறது என்பதற்கு 1950-களில் சஹாராவில் உடலியல் அறிஞர் க்னூட் ஷ்மிட்-நீல்சன் செய்த ஒட்டக ஆய்வு சான்று. ரோமம் வழித்த ஒட்டகம், வழிக்காததைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக வியர்த்து நீரை இழந்தது. நாய் ஒட்டகம் இல்லை. நிழலில், காற்றோட்டத்தில் படுத்திருக்கும் நாய்க்கு ரோமம் குறைந்தால் வெப்பம் வெளியேறுவது சற்று எளிதாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே நாயை மதியம் மொட்டைமாடிக்கு விட்டால் கணக்கு தலைகீழாகிறது. வெயில் நேராகத் தோலைச் சுடும். 'ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் குட்டை முடியோடு கரிசல் வெயிலைத் தாங்கவில்லையா?' என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் முடி குட்டையாக வளர்ந்தாலும் முழுமையானது; நுனி சரிந்து, தோலோடு படிந்து மூடுகிறது. வழித்த ஸ்பிட்ஸுக்கு மிஞ்சுவதோ நுனியில்லாத அடிக்கட்டைகள்.

'இரண்டு மூன்று நாளில் பழகிவிடுகிறதே' என்பது கடைசி மறுப்பு. புதிய உணர்வுக்குப் பெரும்பாலான நாய்கள் பழகிவிடுவது உண்மை. ஆனால் நடத்தை பழையபடி ஆவதால் ரோமம் பழையபடி ஆகிவிடாது. பொமரேனியன், சௌசௌ, ஹஸ்கி, சமோயெட் ஆகியவற்றின் முடிவேர்கள் நீண்டகாலம் ஓய்வு நிலையிலேயே இருப்பவை. அடியோடு வழித்த இடத்தில் முடி பல மாதங்களுக்கு, சில சமயம் ஓராண்டுக்கு மேலும் முளைக்காமல் இருப்பது கால்நடைத் தோல் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பொம்மைபோல வெட்டப்பட்ட 'பூ' என்ற அமெரிக்கப் பொமரேனியன் ஃபேஸ்புக்கில் உலகப்புகழ் பெற்ற பிறகு, அந்த வெட்டைக் கேட்டு வருபவர்கள் பெருகினார்கள். அழகுக்காக அதைக் கேட்பவர்கள் இந்த ஆபத்தையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். உண்ணித் தொல்லைக்காக மழிப்பதும் பாதி வழிதான். உண்ணி காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பதுங்கும், மருந்தில்லாமல் போகாது. முடி கொட்டுவதும் நிற்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொட்டிச் சோபாவில் குத்தி நிற்கும்.

நாய் ஒளிந்துகொள்வதை ஒரு புகாராக எடுத்துக்கொண்டால் செய்ய வேண்டியது என்ன என்பது தானாகவே விளங்கும். கட்டிலடியில் இருந்து இழுக்காமல், சிரிக்காமல், படமெடுக்காமல் விட்டுவிட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் வயிற்றையும் இடுக்குகளையும் காதோரத்தையும் பார்க்க வேண்டும். சிவப்போ கீறலோ இருந்தால், விடாமல் நக்கினால், மறுநாளும் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். காலை பத்து முதல் மாலை நான்கு வரை வெயிலில் விடக்கூடாது. அடுத்த கோடைக்கு முன் கடையில் சொல்ல வேண்டியதும் சுலபம்: உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுங்கள், வயிற்றிலும் பாதத்திலும் கத்தரியுங்கள், காப்புமுடியை விட்டுவையுங்கள். காற்று உள்ளே போக அதுவே போதும். தனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல நாய்க்கு உடம்பு ஒன்றுதான் இருக்கிறது. அது சொல்வதை வேடிக்கையாக்காமல் கேட்பது வளர்ப்பவரின் கடமை.

(அடுத்த வாரம்: நாயின் மீசை முடிகள் எதற்கு?)