எலும்பு சேர லேசர் வேண்டுமா?

"மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. லேசர் வெச்சா எலும்பு சீக்கிரம் கூடிடும்னு பிசியோதெரபி பண்ற எடத்துல சொல்றாங்க. வெச்சுக்கலாமா அண்ணே?" டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படிக் கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. இன்னொரு டீ சொல்லுங்கள், பேசுவோம்.

இது வெட்டுகிற லேசரோ சுடுகிற லேசரோ இல்லை. பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குள் அடங்குகிற மெல்லிய ஒளி. தோலில் வைத்தால் சூடுகூட அவ்வளவாகத் தெரியாது. லேசர் பிறந்தது 1960இல். ஏழு வருடம் கழித்து, புடாபெஸ்டில் எந்த்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் பட்டால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முதுகு முடியை மழித்து, மேலே ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்துவிட்டது! பிறகு ஆறாத புண்களில் வைத்துப் பார்த்தார். இந்த வைத்தியத்தின் தொடக்கம் அதுதான்.

ஒளிக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சிவப்பு ஒளியையும் அதை அடுத்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது உறிஞ்சுகிறது. அப்போது செல்லின் சுவாசம் வேகமெடுத்து ஆற்றல் கூடுகிறது என்பது பலர் ஏற்றுக்கொண்ட விளக்கம். வழக்கு முழுசாகத் தீர்ந்துவிடவில்லை, ஆனால் கட்டுக்கதை இல்லை.

எலும்பு முறிந்ததும் அங்கே இரத்தம் உறைகிறது, வீங்குகிறது. பிறகு குருத்தெலும்பு போல மெத்தென்று ஒரு திசு முளைத்து இரு முனைகளையும் பிடித்துக்கொள்கிறது. எலும்பு கட்டும் செல்கள் வந்து அதைக் கெட்டியாக்குகின்றன. ஆய்வகத் தட்டில் இந்தச் செல்கள்மேல் லேசர் பட்டபோது அவை பெருகியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எலிகளின் கால் எலும்பில் புது எலும்பும் இரத்தக் குழாய்களும் கூடுதலாக வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஒன்றும் மாறவில்லை என்று எழுதியவர்களும் உண்டு.

எலியின் கால் எலும்பு தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டரில் இருக்கிறது. நம் தொடை எலும்போ பல சென்டிமீட்டர் சதைக்குள். டார்ச்சை உள்ளங்கைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், மங்கலாய் ஒரு சிவப்புதான் தெரியும். கைக்கே அப்படியென்றால் தொடைக்கு? மாவுக்கட்டு இருந்தால் அதுவும் ஒளியை மறிக்கும். அதனால்தான் இந்த லேசரை அதிகம் முயன்று பார்ப்பவர்கள் பல் மருத்துவர்கள். ஈறு மெல்லியது, உடனே கீழே தாடை எலும்பு. செயற்கைப் பல் வேர் பொருத்தும்போதும் பல்லுக்குக் கம்பி போடும்போதும் சில நல்ல முடிவுகள் கிடைத்திருக்கின்றன. எல்லா ஆய்விலும் இல்லை.

அளவு இன்னொரு சிக்கல். 100 மில்லிவாட் லேசரை 60 விநாடி வைத்தால் 6 ஜூல். டீயில் போடும் சர்க்கரை மாதிரிதான்: குறைந்தால் தெரியாது, கூடினால் கெடுத்துவிடும். எத்தனை நானோமீட்டர் ஒளி, எத்தனை ஜூல் என்று கருவி வைப்பவரிடம் கேளுங்கள். அவர் விழித்தால் நீங்கள் எழுந்துவிடலாம்.

இதேபோல முன்பு ஒரு கருவி வந்தது, எலும்பு சேர மெல்லிய அல்ட்ராசவுண்ட். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994இல் அதற்கு அனுமதி தந்தது. சிறு ஆய்வுகள் புகழ்ந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்த 501 பேரிடம் உண்மைக் கருவியையும் போலிக் கருவியையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது: வித்தியாசமே இல்லை. மறு வருடம், இனி வேண்டாம் என்றே வழிகாட்டு நெறி எழுதிவிட்டார்கள். கை, கால் முறிவுக்கு லேசரை வைத்து மனிதரிடம் நடந்தவை சிறு ஆய்வுகளே. மணிக்கட்டு, கை முறிந்தவர்களிடம் தைவானில் நடந்த ஒன்றில் வலி குறைந்தது. அந்த ஆறுதல் சின்னதில்லை, ஆனால் வலி குறைவதும் எலும்பு சேர்வதும் ஒன்றில்லை.

என்னைக் கேட்டால், எலும்பு மருத்துவர் சரி என்று சொல்லி, செலவும் கையைக் கடிக்காமல் இருந்தால், வலிக்காக வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. தொடை எலும்பை லேசரால் கூட்டித் தருகிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். புகை எலும்பு சேர்வதைத் தாமதமாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அதனால் டீயோடு அந்தச் சிகரெட் மட்டும் வேண்டாம்.