ஐம்புலனும் இளைப்பாறும் தோட்டம்

‘தாமான்’ என்பது மலாய்ச் சொல். தோட்டம், பூங்கா என்பன அதன் பொருள். செராஸ் வட்டாரத்தில் தாமான் மிடா, தாமான் கன்னாட், தாமான் மலூரி எனப் பல குடியிருப்புகள் இச்சொல்லைத் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. ‘தோட்டம்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கோ இந்நாட்டில் தனிப்பொருள் ஒன்று உண்டு. இங்குள்ள முதியவர் ஒருவர் ‘நான் தோட்டத்தில் பிறந்தவன்’ என்றால், அவர் ரப்பர்த் தோட்டத்தையே குறிக்கிறார் என்பது கேட்பார்க்குத் தெரியும். 1970ஆம் ஆண்டுகளுக்குப் பின் தோட்டங்கள் பல வீட்டு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மிகப் பல.

லயத்து வீடு சிறியது, வாழ்க்கையும் எளிதன்று. ஆயினும் கொல்லைப்புறத்தில் முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் இருந்தன. தாமான் வீட்டு முன்றிலிலோ பெரும்பாலும் சிமெந்துத் தளத்தையே காண்கிறோம். பூங்கா என்பது ஊரின் பெயரில் இருக்கிறது. வீட்டின் நிலத்தில் இல்லை. உழைத்துக் களைத்து வருவோர் மாலையில் அமர்ந்து இளைப்பாற வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் இல்லை.

இக்குறையை நீக்க முடியாதா? முடியும். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள தொடர்வீட்டு மனையில், வீடும் ஊர்தி நிறுத்துமிடமும் போக எஞ்சுவது சிறு துண்டு நிலமே. அதனுள்ளும் ஐம்புலனும் ஆறுதல் பெறும் தோட்டம் ஒன்றை அமைக்கலாம். அதற்குப் பொருள் மிகுதியாக வேண்டுவதில்லை. எதனை முதலிற் செய்வது என்னும் தெளிவே வேண்டும்.

எப்புலன் முதலாவது?

தோட்டம் என்றவுடன் பலரும் கண்ணையே நினைக்கின்றனர். வண்ணப் பூச்செடிகளை வாங்கி வரிசையாக வைக்கின்றனர். நண்பகலில் அங்கே நிற்க இயலவில்லை. மாலையிலும் தரை சுடுகிறது. ஆதலின் பூக்களைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு, உள்ளே காற்றாடியின் கீழ் அமர்கின்றனர். தோட்டம் இருந்தும் இல்லாதது போலாகிறது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவு வகையால் ஆறாகப் பகுத்துள்ளதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அவர் வரிசையில் ஊறு என்னும் தொடுவுணர்வு முதலில் நிற்கிறது. சுவை, நாற்றம், ஒளி, ஓசை என்பன முறையே தொடர்கின்றன. ஆறாவதாக மனம் வருகிறது. புல்லும் மரமும் ஊறு ஒன்றையே அறியும் ஓரறிவுயிர்கள். உயிர்களை வகைப்படுத்த அவர் கொண்ட முறை அது. தோட்டக் கலை கூற எழுந்ததன்று. எனினும் வெப்ப நாட்டில் தோட்டம் அமைப்பார்க்கு அவ்வரிசை மிகவும் பொருந்துகிறது. உடம்பில் வெயில் சுடும் இடத்தில் கண்ணும் மூக்கும் செவியும் இன்புறுவது எங்ஙனம்?

ஊறு

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32 அல்லது 33 பாகை செல்சியசு அளவில் நிற்கிறது. சென்னையின் மே மாத வெயிலை நோக்க இது குறைவே. ஆனால் இங்குக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலோ அஃது எளிதில் உலர்வதில்லை. செராஸில் நாம் உணரும் புழுக்கத்தின் காரணம் இதுவே.

வறண்ட நாடுகளில் நீர் விரைந்து ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். பாரசீகரும் முகலாயரும் தம் தோட்டங்களின் நடுவே வாய்க்காலும் ஊற்றும் அமைத்ததற்கு இஃது ஒரு காரணம். அம்முறையை அப்படியே இங்குக் கொண்டுவந்தால் பயன் சிறிதே. இங்குத் தோலுக்குக் குளிர்ச்சி தருவன இரண்டு: ஒன்று நிழல், மற்றொன்று அசையும் காற்று.

நிழலை அமைக்குமுன் கதிரவன் செல்லும் வழியை அறிய வேண்டும். மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் இடையிலும் கதிரவன் நண்பகலில் ஏறத்தாழ நம் தலைக்கு நேரே நிற்கிறான். இடைப்பட்ட மாதங்களில் வடக்கிலும், ஏனைய மாதங்களில் தெற்கிலும் சற்றுச் சாய்கிறான். ஆனால் மாலையில் மேற்கிலிருந்து தாழ வரும் வெயில் ஆண்டு முழுவதும் உண்டு. வீடு கிழக்கு நோக்கியதாயின், வீட்டின் நிழலே மாலையில் முன்றிலில் விழும்; இருக்கையை அங்கே இடலாம். மேற்கு நோக்கியதாயின், பூச்செடி வாங்குமுன் ஒரு பந்தல் போடுதல் வேண்டும். மாமரம் போன்ற பெருமரங்கள் சிறு மனைக்கு ஏற்றனவல்ல. பந்தலில் பாகலோ அவரையோ நித்தியமல்லியோ படரலாம். மரமே வேண்டுவோர் முருங்கையைக் கிளை வெட்டி வளர்க்கலாம்.

அடுத்தது காற்று. இங்கு வீசும் காற்று மெல்லியது. வேலியோரம் அடர்ந்த புதர்ச் செடிகளை ஆளுயரத்திற்கு வளர்த்தால் அச்சிறு காற்றும் தடைப்படும். ஆதலின் மேலே நிழல், கீழே தாழ்ந்த செடிகள், இடையே காற்று நுழைய வெளி என்று அமைத்தல் நன்று.

மூன்றாவது தரை. வெயிலிற் கிடக்கும் சிமெந்துத் தளம் 50 பாகைக்கு மேலும் சூடேறக் கூடியது. பகலெல்லாம் ஏற்ற வெப்பத்தை, நாம் வீடு திரும்பும் மாலையில் அது வெளிவிடுகிறது. புல்லோ தன் இலை வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. தளம் முழுவதையும் உடைக்க இயலாவிடினும், இருக்கையைச் சுற்றி நான்கடி நிலத்தையேனும் விடுவித்துப் புல் நடுக. வெறுங்காலால் மிதிக்கும் ஈரப் புல் தரும் இன்பத்திற்கு ஈடில்லை.

சுவை

இப்பகுதியை நம் வீட்டுப் பெண்டிர் முன்பே அறிவர். கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, துளசி, பாண்டான், செரை ஆகியவை இம்மண்ணில் எளிதில் வளர்வன. அவற்றைக் கொல்லையின் மூலையில் ஒதுக்காது, கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைப்பதே முறை. அமர்ந்தபடியே நான்கு துளசி இலையைக் கிள்ளி வாயிலிடலாம். செரைத் தண்டை நசுக்கித் தேநீரில் இடலாம். அறுசுவையில் புளிப்புக்கு ஓர் எலுமிச்சை தொட்டியிலேயே காய்க்கும்.

நாற்றம்

நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்தைக் குறித்தது. தோட்டத்து மணம் இரு வகைப்படும். தொட்டால் மணப்பன ஒரு வகை. தானே மணம் பரப்புவன மற்றொரு வகை. கற்பூரவள்ளியும் செரையும் முதல் வகை. இவற்றை நடைபாதை ஓரத்தில் வைத்தால் ஆடை உரசும்போதே மணக்கும். மல்லிகையும் பவளமல்லியும் இரண்டாம் வகை. இவற்றைச் சன்னலுக்கு அருகே, காற்று வரும் பக்கத்தில் நடுதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே நட்டால் மணங்கள் மயங்கித் தலைவலி தரும். ஓரிடத்துக்கு ஒரு மணம் போதும்.

ஒளி

இங்கு ஞாயிறு மறைவது மாலை 7 மணிக்கும் 7.30க்கும் இடையில். நிலநடுக்கோட்டின் அருகே அந்திப்பொழுது நெடிது நில்லாது, விரைவில் இருண்டுவிடும். பணிக்குச் செல்வோர் தம் தோட்டத்தைப் பெரும்பாலும் மங்கிய ஒளியிலேயே காண்பர். அப்பொழுதில் சிவப்பு மறைந்துவிடும். வெண்மை விளங்கி நிற்கும். இரவில் மலரும் பூக்களுட் பல வெண்ணிறமும் நறுமணமும் உடையன. அந்துப்பூச்சிகளை அழைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆதலின் மாலைத் தோட்டத்திற்கு மல்லிகையும் நந்தியாவட்டையும் உரியன. பகலில் காண்போர்க்கு, 1960இல் இந்நாட்டின் தேசிய மலராக்கப்பட்ட செம்பருத்தி இருக்கவே இருக்கிறது.

பசுமையைக் காண்பதால் நோயும் தணியுமோ என்பதை ஆராய்ந்தவர் உளர். ரோசர் உல்ரிக் என்னும் அமெரிக்க அறிஞர், பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் ஏடுகளை ஒப்பிட்டு 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர். செங்கற் சுவரைக் கண்டவர் 23 பேர். மரங்களைக் கண்டவர் சற்று விரைவில் வீடு திரும்பினர். வலிமை மிக்க நோவகற்றும் மருந்துகளையும் குறைவாகவே பெற்றனர். ஆய்வு சிறியதே, ஆயினும் எண்ணத்தக்கது.

ஓசை

செராஸில் நெடுஞ்சாலை இரைச்சல் ஓயாதது. மெல்லிய செடிவேலி அதனைத் தடுத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. இரைச்சலைத் தடுப்பதினும், இனிய ஓசையால் அதனை மறைப்பது எளிது. காற்றில் ஆடும் மூங்கிலைப் பலரும் பரிந்துரைப்பர். ஆனால் இங்குக் காற்றினும் மழையே மிகுதி. ஆண்டு மழை சராசரி 2,400 மில்லிமீட்டருக்கு மேல். ஆதலின் சன்னலோரம் ஒரு வாழையோ சேம்போ நடுக. அகன்ற இலையில் பிற்பகல் மழை பெய்யும் ஓசை வேறெந்த இசைக்கும் தாழாது. பழமரம் இருப்பின் பறவைகளும் வரும்.

சிறு நீரூற்று வைப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். தேங்கிய தெளிந்த நீரில் ஏடிசுக் கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகும். டெங்கிக் காய்ச்சல் பரவும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கழுவுக. அன்றேல் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விடுக. தொட்டியின் கீழ்த் தட்டுகளையும் நோக்குக.

மனம்

வேலை மிகுந்த தோட்டம் ஓய்வு தராது. பத்துச் செடிகளைப் பேண இயலுமாயின் எட்டோடு நிற்பது நன்று. அடுக்குமாடியில் வாழ்வோர்க்கும் இம்முறையே பொருந்தும்: வெயில் மறைக்க ஒரு கொடி, கிள்ள ஒரு துளசி, மணக்க ஒரு மல்லிகை, அமர ஒரு முக்காலி.

தமிழாசிரியர்க்கு இதில் மற்றொரு பயனும் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கியிருப்பதைக் கற்பிக்கிறோம். அரும்பு, முகை, மலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருப்பதைக் கூறிப் பெருமை கொள்கிறோம். மாணவன் அவற்றை எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறான். ஆனால் மாலையில் முகையாக நின்றது இரவில் மலர்வதை அவன் கண்டதுண்டா? விடியலில் பவளமல்லியின் அடியில் வீ உதிர்ந்து கிடப்பதைத் தொட்டதுண்டா? இவை பள்ளி நேரத்தில் நிகழ்வன அல்ல. வீட்டில் கண்டால்தான் உண்டு. கண்டறியாத பொருளின் பெயர் நாவில் நெடுநாள் தங்குவதில்லை.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தாமானில் மீண்டும் ஒரு தோட்டம் காண வேண்டும். நான்கடி நிலமாயினும் அங்கே நம் பிள்ளைகளின் உடம்பு குளிரும். நம் சொற்களும் வேர் கொள்ளும்.