காலண்டுலா: காயத்துக்குப் போகும் பூவுக்கு நஞ்சில்லாத தண்ணீர் வேண்டும்

‘காலண்டுலா போடலாமா? நம்ம வெயிலுக்கு வருமா? வாங்குறதுக்கு ஆள் இருக்கா?’ இந்த மூன்று கேள்வியும் நம் உழவர் கூட்டங்களில் அடிக்கடி வருகின்றன. ஓமியோபதி மருந்துக் கடையில் காலண்டுலா களிம்பு வாங்கிப் பழகியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கணியம்பாடியில் மூன்று பட்டமாக இதைச் சிறிய அளவில் போட்டு வருகிறேன். அந்த அனுபவத்தோடு, தோல் பதனிடும் இந்த வட்டாரத்தில் மூலிகை போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய வேறொரு சங்கதியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம்

காலண்டுலாவை ஆங்கிலத்தில் பாட் மேரிகோல்டு என்பார்கள். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு மாலை கட்டும் செண்டுமல்லி, அதாவது துலுக்கச் சாமந்தி, அதுவும் மேரிகோல்டுதான். பேர் ஒன்றாக இருப்பதால் விதைக் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். காய்ந்த இதழாக விற்கும்போதும் ஒன்றுக்கு இன்னொன்று போய்விடுகிறது. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடி.

அடையாளம் சுலபம். செண்டுமல்லி விதை கறுப்பு ஊசி போல இருக்கும், நுனியில் வெளுத்த வால் இருக்கும். காலண்டுலா விதை பழுப்பு நிறத்தில் பிறை மாதிரி வளைந்து, முதுகில் சொரசொரப்பாக இருக்கும். செண்டுமல்லி இலை சீப்பு மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். காலண்டுலா இலை வெட்டில்லாமல் நாக்கு மாதிரி நீண்டிருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவுக்காக ஊடுபயிர் போடுகிறவர்கள் செண்டுமல்லியைத்தான் போட வேண்டும். காலண்டுலாவை நம்பி அந்த வேலையை விடாதீர்கள்.

பட்டமும் பராமரிப்பும்

இது மத்தியதரைக் கடல் நாட்டுச் செடி, குளிருக்குப் பழகியது. மலைப் பகுதியில் நன்றாக வரும். நீலகிரியில் எமரால்டு என்ற ஊரில் ஒன்றிய அரசின் ஓமியோபதி மூலிகை ஆய்வு மையம் ஒன்று இருப்பதே, வெளிநாட்டு மூலிகைகளுக்கு அந்தச் சீதோஷ்ணம் ஒத்துவருவதால்தான். வேலூர் வெயிலில் இதற்கு ஒரே ஒரு பட்டம்தான் உண்டு. புரட்டாசிக் கடைசியில் நாற்று விட்டு, ஐப்பசிக் கடைசியில் நட்டால், மார்கழியில் பூ எடுக்கலாம். தை, மாசி வரை பறிக்கலாம். பங்குனி வெயில் ஏறினால் பூ சிறுத்துச் செடி காய்ந்துவிடும். சித்திரையில் தண்ணீர் கட்டிக் காப்பாற்றப் பார்ப்பது வீண் செலவு.

விதையை மண்ணில் அரை அங்குல ஆழத்தில் மூடிப் போட வேண்டும், வெளிச்சத்தில் கிடந்தால் சரியாக முளைக்காது. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும் எடுத்து நடலாம். அடைமழைக் காலம் என்பதால் மேட்டுப்பாத்தி கட்டாயம், தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். ஒரு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டால் ஒரு சென்ட்டில் சுமார் 435 செடி பிடிக்கும். தொழுவுரமும் மண்புழு உரமும் அடியுரமாகப் போதும். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும், பூ குறையும். நடுக்குருத்தை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நிறைய வரும்.

அசுவினி வரும், பனிக்காலத்தில் சாம்பல் நோயும் வரும். அசுவினிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல், சாம்பல் நோய்க்கு ஒரு பங்கு புளித்த மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர். எதுவாக இருந்தாலும் மொட்டு வருவதற்கு முன்னால் அடித்து முடித்துவிட வேண்டும். மருந்துக்குப் போகிற பூவின் மேல் எதையும் தெளிக்கக் கூடாது.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, பனி காய்ந்த பிறகு, முழுதாக விரிந்த பூவைப் பறிக்க வேண்டும். இதழை மட்டும் பிய்க்காமல் பச்சைக் காம்புத்தலையோடு பறியுங்கள், பிசின் அங்கேதான் இருக்கிறது. விரல் பிசுபிசுத்தால் நல்ல பூ என்று அர்த்தம். பறிக்கப் பறிக்கத்தான் பூ வரும், விட்டுவைத்தால் விதை கட்டிவிடும். நிழலில் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுத்தலை நொறுங்கும் வரை உலர்த்த வேண்டும். ஏழெட்டு கிலோ பூ உலர்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும். விலை பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

மருந்தாக எது, எது இல்லை

ஐரோப்பியக் கிராமங்களில் பல நூறு ஆண்டுகளாக இதைக் காயத்துக்கும் தோல் எரிச்சலுக்கும் களிம்பாகப் போட்டு வந்திருக்கிறார்கள். நமக்கு வெட்டுக்காயப் பூண்டு எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு இது. அந்தப் பூண்டும் இதே குடும்பத்துச் செடிதான்.

ஆய்வும் நடந்திருக்கிறது. 2004-ல் பிரான்சில், மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 254 பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். காலண்டுலா களிம்பு போட்டவர்களில் 41 சதவீதம் பேருக்குத்தான் தோல் புண் ஓரளவுக்கு மேல் வந்தது. வேறு களிம்பு போட்டவர்களில் அது 63 சதவீதம். ஆனால் 2013-ல் சுவீடனில் 400-க்கும் மேற்பட்டவர்களிடம் வேறொரு காலண்டுலா கிரீமைச் சாதாரண கிரீமோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓமியோபதியில் இது இரண்டு விதமாக வருகிறது. ஒன்று தாய்த்திரவம், அதாவது செடியைச் சாராயத்தில் ஊறவைத்த சாறு. அதை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் கலந்து காயத்தைக் கழுவச் சொல்வார்கள். இன்னொன்று 30 போன்ற வீரியத்தில் உருண்டை. முப்பது முறை நூறு நூறாக நீர்த்த பிறகு அதில் பூவின் மூலக்கூறு ஒன்றுகூட மிஞ்ச வழியில்லை. பிரான்ஸ் களிம்பில் இருந்தது பூவின் சாரம். ஆகவே அந்த ஆய்வைக் காட்டி உருண்டைக்கு வக்காலத்து வாங்க முடியாது.

வீட்டுக்கு எண்ணெய் செய்வது எளிது. நன்றாக உலர்ந்த பூ ஒரு பங்குக்கு, எடையில் பத்துப் பங்கு செக்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். பூவில் ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு வடிகட்டுங்கள். 100 மில்லி எண்ணெய்க்கு 25 கிராம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் நம் வெயிலுக்கும் உருகாத களிம்பு கிடைக்கும். சேற்றில் நின்று வெடித்த குதிகாலுக்கும் சிராய்ப்புக்கும் போடலாம். சாமந்திக் குடும்பப் பூ ஒத்துக்கொள்ளாதவர்கள் போட வேண்டாம். கர்ப்பிணிகள் இதை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

ஆழமான காயம், சீழ் வைத்த புண், துருப்பிடித்த இரும்பு குத்தியது, இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியும் டெட்டனஸ் ஊசியும்தான். மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் நின்றுவிடும் என்று ஓமியோபதி மருத்துவர்களே எச்சரிப்பார்கள். சர்க்கரை நோய்க்காரர் காலில் வரும் புண் இன்னும் ஆபத்து. 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண் ஏன் ஆறவில்லை என்று பார்த்தார். வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள் என்று கண்டுகொண்டு, மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தும், மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து கொடுத்தும் ஆற வைத்தார். மரத்துப்போன காலுக்கு எந்தப் பூவும் இதற்கு ஈடாகாது.

தண்ணீரும் எருவும்

இப்போது நம் வட்டாரத்துச் சங்கதி. ஒருகாலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970-களுக்குப் பிறகு குரோமிய உப்பு பரவியது. பாலாற்றங்கரை என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பே சொல்கிறது.

கணியம்பாடிப் பக்கம் நமக்கு நாகநதி. நூறு நாள் வேலையில் பெண்கள் மீள்நிரப்புக் கிணறுகள் கட்டி உயிர் கொடுத்த ஆறு. இந்தத் தண்ணீர் நமக்குப் பெரிய சொத்து. ஆனால் தண்ணீர் வராத வழியில் லாரி வரும். மலிவாகத் தோல் கழிவு எரு, சவ்வுக் கழிவு என்று யாராவது இறக்கினால் வாங்காதீர்கள். மாட்டிலிருந்து வந்ததுதானே, இயற்கைதானே என்று தோன்றும். குரோமியம் ஏறிய கழிவு மண்ணுக்குப் போனால் திரும்ப எடுக்க முடியாது. செடி உறிஞ்சுவது ஒரு பங்கு, மண்தூசியாகப் பிசுக்குப் பூவில் ஒட்டுவது இன்னொரு பங்கு. அதை எண்ணெயில் ஊற வைத்துப் பிள்ளையின் திறந்த காயத்தில் தடவுவோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பாலாற்றங்கரையிலோ தொழிற்சாலைக்குப் பக்கத்திலோ நிலம் இருப்பவர்கள் மூலிகை போடும் முன் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். வழக்கமான மண் பரிசோதனைச் சீட்டில் தழை, மணி, சாம்பல் சத்துதான் வரும். குரோமியம் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். எங்கே பார்க்கலாம் என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

விற்பனை

உலர்ந்த பூவாக விற்கலாம். மருந்து என்று பேர் போட்டு விற்க 1940-ம் ஆண்டு மருந்துகள் சட்டப்படி உரிமம் வேண்டும். வாங்குபவர் உறுதியாகாமல் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். முதல் பட்டத்துக்கு ஒரு சென்ட் போதும். வீட்டுக்குக் களிம்பு ஆகும், தேனீ வரும், கடைசிப் பூக்களைப் பழுக்க விட்டால் அடுத்த ஆண்டுக்கு விதையும் ஆகும். காய்ந்த தலையைக் கையால் உதிர்த்து, துணிப்பையில் கட்டி, ஒரு பிடியை அக்கம்பக்கத்து உழவருக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது எந்தத் தண்ணீரில் போடப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.