அணு மின்சாரம்: நன்மையும் அபாயமும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கெல்லையில் அமைந்துள்ள ஊர் அஞ்சுகிராமம். இதற்கு மேற்கே நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் உள்ளன. வடக்கே முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. கிழக்கே, ஏறத்தாழ 15 கிலோ மீட்டர் தொலைவில், கடலோரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் நிற்கின்றது. அணு மின்சாரத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது நகரத்து அறிஞர்களின் வேலை என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் வேண்டுவோரும் நாமே. அபாயம் நேரின் முதலில் பாதிக்கப்படுவோரும் நாமே. ஆகவே இரு பக்கங்களையும் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

நிலையத்தின் வரலாறு

இந்திய நாட்டின் முதல் அணுமின் நிலையம் 1969ஆம் ஆண்டில் தாராப்பூரில் இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்தின் முதல் உலை 1984இலும், இரண்டாம் உலை 1986இலும் பயனுக்கு வந்தன. கூடங்குளத்திற்கான ஒப்பந்தம் 1988இல் சோவியத் நாட்டுடன் செய்துகொள்ளப்பட்டது. அந்நாடு பிளவுற்றதால் வேலை தாமதமாகி, 2002இல்தான் கட்டுமானம் ஆரம்பமாயிற்று. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் திறனுள்ள இரு உலைகளுள் முதலாவது 2013இலும், இரண்டாவது 2016இலும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் 2017இலும் 2021இலுமாகத் தொடங்கப்பெற்றது.

உலை வேலை செய்யும் விதம்

அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து நீரை ஆவியாக்குகின்றது. அணு உலையில் யுரேனிய அணுக்கள் பிளவுபடும்போது உண்டாகும் வெப்பம் அவ்வேலையைச் செய்கின்றது. அதன்பின் ஆவி சக்கரத்தைச் சுழற்றுவதும், சக்கரம் மின்சாரம் பிறப்பிப்பதும் இரண்டிலும் ஒன்றே. உலை அணுகுண்டைப்போல் வெடித்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது நிகழாது. பிளவுபடத்தக்க யுரேனியம் குண்டில் 90 சதவிகித அளவில் இருக்க, இவ்வுலையின் எரிபொருளில் 5 சதவிகிதத்திற்கும் குறைவாகவே உள்ளது.

உண்மையான அபாயம் வேறு. செங்கற்சூளையில் நெருப்பை அணைத்த பின்னும் பல நாள் வெப்பம் தணிவதில்லை. அதுபோல, உலையை நிறுத்திய பின்னும் உள்ளிருக்கும் எரிபொருள் தானே வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அதை இடைவிடாது குளிரச் செய்தல் வேண்டும். தவறினால் எரிபொருள் உருகி, கதிரியக்கப் பொருள்கள் வெளியேறக்கூடும்.

நன்மைகள்

1000 மெகாவாட் அனல் நிலையம் நமது நாட்டு நிலக்கரியைக் கொண்டு இயங்கின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 டன் வேண்டும். அதே அளவு மின்சாரத்திற்கு அணு உலை ஓராண்டில் கேட்பது ஏறத்தாழ 25 டன் எரிபொருளே. சாம்பல் இல்லை; புகை இல்லை; பருவமழையின் போக்கையே மாற்றிவரும் கரியமில வாயுவும் மிகக் குறைவு.

முப்பந்தலின் காற்றாலைகள் நமக்குப் பெருமை தருவன. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையில்தான் அவை முழு வேகத்தில் சுழலும். சூரிய மின்சாரம் இரவில் இல்லை. அணு உலையோ இரவு பகல், மழை வெயில் பாராது ஒரே சீராக மின்சாரம் தரும். முதல் இரண்டு உலைகளின் 2000 மெகாவாட்டில் 925 மெகாவாட் தமிழ்நாட்டிற்கென ஒதுக்கப்பட்டது.

அபாயங்கள்

1986 ஏப்ரலில் சோவியத் நாட்டின் செர்னோபில் உலை வெடித்தது. அவ்வாண்டிலேயே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். காற்றில் கலந்த கதிரியக்க அயோடின் மேய்ச்சல் புல்லின்மேல் படிந்தது; புல்லிலிருந்து பசுவின் பாலுக்கும், பாலிலிருந்து குழந்தைகளின் தொண்டையிலுள்ள தைராய்டுச் சுரப்பிக்கும் சென்றது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோருக்கு அச்சுரப்பியில் புற்றுநோய் கண்டது. பாலை உடனே தடுத்திருந்தால் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாம். கறவை மாடு வளர்ப்போர் மறக்கலாகாத பாடம் இது. இந்த அயோடினின் வீரியம் 8 நாளுக்கொருமுறை பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதனுடன் வெளிவரும் சீசியம் பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். அது படிந்த நிலம் ஒரு தலைமுறைக்குப் பயனற்றுப் போகலாம்.

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் சுனாமி அலை டீசல் இயந்திரங்களை மூழ்கடித்தது. குளிர்விக்க மின்சாரமின்றி மூன்று உலைகள் உருகின. 2004 டிசம்பர் சுனாமியில் கல்பாக்கத்தின் பம்பு நிலையத்திலும் கடல்நீர் புகுந்தது. ஆயினும் இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கூடங்குளத்தின் உலைகளில், மின்சாரமின்றியே வெப்பத்தைத் தணிக்கும் ஏற்பாடும், எரிபொருள் உருகி வழிந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பும், இரட்டைச் சுவருள்ள கூடமும் உள்ளன. இவை அபாயத்தை வெகுவாகக் குறைக்கின்றன, அடியோடு நீக்கிவிடுவதில்லை.

விபத்து இல்லாவிடினும் கழிவு உண்டு. பயன்பட்ட எரிபொருளிலுள்ள சில பொருள்களின் வீரியம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிப்பது. அதனை நிரந்தரமாக வைக்கும் ஆழ்நிலக் கிடங்கு நமது நாட்டில் இன்னும் அமையவில்லை. நாம் இன்று எரிக்கும் விளக்கிற்கான கடன் பேரப்பிள்ளைகளின் கணக்கில் ஏறுகின்றது என்பதையும் எடைபோடுகையில் சேர்த்தாக வேண்டும்.

தண்ணீரும் கடலும்

நிலையத்தின் நன்னீர்த் தேவைக்குப் பேச்சிப்பாறை அணையின் நீரைக் கொண்டுசெல்வது என்பது ஆரம்பத் திட்டம். 1906இல் முடிவுற்ற அவ்வணையே நாஞ்சில் நாட்டின் உயிர்நாடி. கடைமடைக்கே நீர் எட்டாத நிலையில் குமரி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர், கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகள் நிலையத்திலேயே அமைக்கப்பட்டன. மக்கள் தம் கருத்தைக் காலத்தில் எடுத்துரைத்தல் எத்துணை அவசியம் என்பதற்கு இது சான்று.

உலையைக் குளிரச் செய்து திரும்பும் கடல்நீரின் வெப்பம், கடலின் இயல்பான வெப்பத்தைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடலாகாது என்பது நிபந்தனை. மீன்வளம் குறையுமோ என்ற மீனவரின் கவலை நியாயமானது. 2011 முதல் இடிந்தகரையில் நடந்த நெடிய போராட்டத்தில் ஒலித்தவற்றுள் இக்கவலையும் ஒன்று. 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்தது. அத்துடன் பாதுகாப்பு குறித்துப் 15 கட்டளைகளையும் விதித்தது. நிலையம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் அக்கட்டளைகள் நிறைவேறுவதில் ஒன்றுபடலாம்.

பஞ்சாயத்துகளின் கடமை

நிலையத்தைச் சுற்றி 16 கிலோ மீட்டர் வரையிலான பகுதி அவசரகாலத் திட்டத்திற்குரியது. அஞ்சுகிராமம் அவ்வெல்லைக்கு அருகே உள்ளது. தென்மேற்குப் பருவத்தில் காற்று நம்மிடமிருந்து கூடங்குளம் நோக்கி வீசும். வடகிழக்குப் பருவத்திலோ அங்கிருந்து நம்மை நோக்கி வீசும். ஐப்பசி, கார்த்திகை மழை, காற்றிலுள்ளதை நிலத்தில் இறக்கியும் விடும். ஆதலின் வரைபடத்திலுள்ள வட்டத்தை மட்டும் நம்பி நாம் வாளாவிருத்தல் தகாது.

2012 ஜூனில் நக்கனேரி கிராமத்தில் அவசரகால ஒத்திகை ஒன்று நடைபெற்றது. அத்தகைய ஒத்திகை நமது ஊர்களிலும் நடைபெறும்படி மாவட்ட ஆட்சியரை நாம் கேட்டுக்கொள்ளலாம். தனியே நடக்க இயலாத முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள் ஆகியோரின் பட்டியலை வார்டுதோறும் தயாரித்து வைத்தல் நன்று. அயோடின் மாத்திரை எங்கே இருப்பில் உள்ளது என்பதைச் சுகாதார நிலையத்தில் கேட்டறிதல் வேண்டும். அதனை அதிகாரிகள் கூறும்போது மட்டுமே உட்கொள்ள வேண்டும். எச்சரிக்கை வந்தால் வீட்டினுள் சென்று கதவு சன்னல்களை அடைத்தல், கிணற்றை மூடுதல், மாடுகளைக் கொட்டிலில் கட்டி உலர்ந்த வைக்கோலையே இடுதல், பாலையும் கீரையையும் பரிசோதனை முடியும்வரை விலக்குதல் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். நிலையத்தார் எடுக்கும் கதிரியக்க அளவுகளைத் தமிழில் கேட்டுப் பெற்று, மக்கள் காணும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

ஓர் உண்மையையும் மக்களுக்குக் கூறவேண்டும். கதிரியக்கம் நிலையத்தோடு வந்த புதுமையன்று. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்திருப்பதால் அக்கடற்கரையில் இயற்கையாகவே அது மிகுதி. ஆகவே அளந்து பாராமல் அஞ்சுவதும் தவறு. அளந்து பாராமல் அஞ்சற்க என்பதும் தவறு.

மின்சாரம் நமக்கு வேண்டும். அதனினும் நமது நிலமும் நீரும் குழந்தைகளும் நமக்கு முக்கியம். இரண்டையும் காக்கும் வழி விழிப்போடிருத்தலே. கேட்க வேண்டியதைக் கேட்டு, அறிய வேண்டியதை அறிந்து, ஆயத்தமாக இருக்கும் கிராமமே இவ்வெடைக்கல்லைச் சரியாகப் பிடிக்கும் கிராமமாகும்.