திரிதல் என்னும் சொல்

போலீஸ் செய்திகளை வாசிப்போர் ஒரு வாக்கியத்தைப் பன்முறை கண்டிருப்பர்: "சந்தேகத்திற்கிடமான முறையில் சுற்றித் திரிந்தவர் கைது செய்யப்பட்டார்." திருடியவர் என்றில்லை, அடித்தவர் என்றில்லை, திரிந்தவர். இச்சொல்லுக்குள் குற்றம் எங்ஙனம் புகுந்தது என்று விசாரிப்பது புலவர்களுக்கு மட்டும் உரிய காரியமன்று. பொது வாழ்வில் ஈடுபட்டோர்க்கும் உரியதே.

திரிசூலம், திரிபலை முதலியவற்றில் மூன்று என்னும் பொருளில் வரும் வடமொழித் திரி வேறு. நமது திரி வேறு. நமது திரிக்கு அடிப்படைப் பொருள் சுழலுதல், முறுக்குதல் என்பதாம். பஞ்சை முறுக்கினால் விளக்குத் திரி. தானியம் உடைக்கச் சுற்றும் கல் திரிகை. நாட்டு வழக்கில் திருகை. சுழன்ற பொருள் நிலை மாறுமாதலின், கெட்ட பாலைத் திரிந்தது என்கிறோம். நன்னூலாரோ புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். திரிதலும் கெடுதலும் அவருக்கு வெவ்வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். நம்முடைய போலீஸ் இலக்கணத்தில் அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. தொல்காப்பியரும் செய்யுட்குரிய சொற்களை எண்ணுமிடத்துத் திரிசொல்லைத் தள்ளிவிடாமல் இயற்சொல்லுக்கு அடுத்த ஆசனத்தில் அமர்த்தினார்.

ஆயினும் இவ்வேரின் முக்கியமான கிளை வேறொன்று. திருகு, திரும்பு என்பனவும் இக்குடும்பத்துச் சொற்களே என்பது மொழிநூலார் துணிபு. தெலுங்கில் 'திருகு' என்றால் சுற்றுதல், அலைதல். அதினின்று பிறந்த 'திரிகி' என்பதற்கு மறுபடியும் என்று பொருள். கன்னடத்திலும் 'திருகு' என்பது சுற்றுதலையும் திரும்புதலையும் ஒருங்கே குறிக்கும். இதற்கு அகராதி தேடிப் போகவேண்டுவதில்லை. திண்டுக்கல் சமவெளியில் தெலுங்கையும் கன்னடத்தையும் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பாஷையாகக் கொண்ட குடியானவர்கள் தமிழரோடு கலந்து வாழ்கிறார்கள். சந்தை நாளில் சற்று நின்று கேட்டால் மூன்று பாஷைகளிலும் இவ்வேர் காதில் விழும். மூன்றிலும் திரிகிறவன் திரும்பி வருகிறவனே.

வாழ்க்கையிலும் அப்படித்தான் இருந்தது. கிடை போடும் ஆட்டுக்காரன் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறான்; எருவை வேண்டும் சம்சாரி அடுத்த வருஷமும் அவன் வரவை எதிர்பார்க்கிறான். உப்புக் குறவர் எனப்பட்டோர் கடற்கரை உப்பைப் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொணர்ந்து, தானியம் மாற்றிக்கொண்டு மீண்டனர். அவர்கள் திரியாவிட்டால் உள்நாட்டுக் குடிசையில் கஞ்சிக்கு உப்பில்லை. 1805-ல் கம்பெனியார் சென்னை ராஜதானியில் உப்பு வியாபாரத்தைத் தமதேகபோகமாக்கினர். 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடலாயிற்று. பொதிமாட்டின் பிழைப்பு போயிற்று. மாட்டுக்குப் பின்னே நடந்தவனைச் சர்க்கார் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாயிற்று.

பிழைப்பைப் பறித்த சர்க்கார், பிழைப்பில்லாமையையே குற்றமாகவும் எழுதிவைத்தது. 1871-ல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் வருஷத்து மூன்றாவது சட்டத்தின் மூலம் நமது ராஜதானிக்கும் வந்தது. ஒரு ஜாதியைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்தால் அதன் நியாயத்தைக் கோர்ட்டில் கேட்க வழியில்லை. ரேகை பதிவு செய்யவேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராகவேண்டும். ஊரை விட்டுப் போக அநுமதிச் சீட்டு வேண்டும். அலைகிறவர்களை அடக்கவே இச்சட்டம் என்று சமாதானம் கூறியோர், ஏர் பிடித்து ஊரில் வசித்த கள்ளர் சமூகத்தார் மீது அதை ஏவியதற்கு என்ன காரணம் சொல்வர்? திண்டுக்கல்லும் உள்ளடங்கியிருந்த அக்கால மதுரை ஜில்லாவில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருத்தி. மதுரையில் வக்கீலாயிருந்த தேசபக்தர் ஜார்ஜ் ஜோசப் அச்சமூகத்தாருக்காக வாதாடினார். அவர்கள் அன்போடு அவரை ரோசாப்பூ துரை என்றழைத்தனர்.

நடப்பதே குற்றமென்றால் தை மாதத்தில் திண்டுக்கல் சாலைகளில் போவோர் அனைவரும் குற்றவாளிகளே. தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டிலிருந்து காவடியெடுத்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்போரைத் திரிகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை, அது யாத்திரை. காலும் அதே கால், புழுதியும் அதே புழுதி. சொல் மட்டும் வேறு. பரதேசி என்ற சொல்லின் கதியும் இத்தகையதே. வேற்று நாட்டார் என்னும் பொருளில் கொச்சியில் 1568-ல் எழுந்த யூதர் கோயிலுக்கு அப்பெயர் இன்றும் கௌரவமாக வழங்குகிறது. நம் தெருவிலோ அது வசவு.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் முழுவதிலும் 1952-லும் ஒழிந்தது. ஒழிந்த அடுத்த வருஷமே, 1948-ல், வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று சென்னையில் பிறந்தது. ஜாதியின் பெயரை எடுத்துவிட்டு ஆளின் பெயரை எழுதிக்கொண்டார்கள் என்பதே வித்தியாசம். 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 109-வது பிரிவு, வெளிப்படையான ஜீவனமில்லாதவனையும், தன்னைப் பற்றித் திருப்தியான விவரம் கூறமாட்டாதவனையும் ஜாமீன் கேட்டு நிறுத்த இடமளித்தது. 1973-ல் அச்சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இந்த வாசகம் நீக்கப்பட்டு, குற்றம் செய்யும் நோக்கத்தோடு மறைந்திருப்பவனைப் பற்றிய பகுதி மட்டும் நின்றது; இன்றைய புதிய சட்டத்திலும் 128-வது பிரிவாக அதுவே நிற்கிறது. பாராளுமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன் அடித்துவிட்ட அவ்வாசகத்தை, ஸ்டேஷன் எழுத்தர்களும் அவர்கள் தரும் செய்தியை அப்படியே அச்சிடும் நம் பத்திரிகைகளும் இன்னும் அடிக்கவில்லை.