கரும்பலகை இல்லாத பள்ளிக்கூடம்!

ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வாத்தியாரம்மா பாதையிலேயே குப்புறப் படுத்திருக்கிறார். மாணவர்களும் அப்படியே! மாணவர்கள் என்றால் எட்டு வயதுப் பையனும் உண்டு. அவனுடைய பாட்டியும் உண்டு. ஆளுக்கொரு பூதக் கண்ணாடி. எதைப் பார்க்கிறார்கள்? சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஒரு பூவை!

சிரிக்காதீர்கள். அந்தப் பூவைப் பார்க்க வேண்டுமானால் ஜனாதிபதியும் குப்புறத்தான் படுக்க வேண்டும். அதற்குமேல் அது வளராது.

இடம், அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்திலுள்ள ராக்கி மலைத் தேசீயப் பூங்கா. உயரம் 12,000 அடி. 'பூங்கா' என்றவுடன் ரோஜாப் பாத்தியும், ஸிமெண்டுப் பெஞ்சியும், சுண்டல்காரனும் உங்கள் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமல்ல. அந்தச் சொல்லின் குற்றம். இது நானூறு சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கும் மலைப் பிரதேசம். அதில் மூன்றில் ஒரு பங்கு, மரமே முளைக்காத உயரத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையிலும், அதற்கடுத்த இலையுதிர் காலத்திலும் இங்கே வகுப்புகள் நடக்கின்றன. பூங்காவின் காவலர்கள் சில வகுப்புகளை நடத்துகிறார்கள். பூங்காவுக்குத் துணையாக 1931-ல் தோன்றிய ஒரு சங்கம் வேறு சிலவற்றை நடத்துகிறது. பறவை, பூ, விலங்கின் கால்தடம், படம் வரைதல் என்று பலவிதம். குழந்தைகளுக்குச் சிறு புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். அதிலுள்ளபடி பார்த்து, எழுதி, உறுதிமொழியும் எடுத்துக்கொண்டால் 'இளங் காவலர்' என்ற சின்னம் கிடைக்கும்.

இந்த விசித்திரப் பள்ளிக்கு மூலபுருஷர் ஒருவர் உண்டு. பெயர் ஈனாஸ் மில்ஸ். 1870-ல் கான்ஸாஸ் ராஜ்யத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் சீக்காளி, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாது. மலைக் காற்றாவது பிழைக்க வைக்கட்டும் என்று பதினாலாவது வயதில் கொலராடோவுக்கு வந்தார். லாங்ஸ் சிகரத்தின் அடிவாரத்தில் மரக்கட்டைகளை அடுக்கித் தாமே ஒரு குடில் கட்டிக்கொண்டார். அந்தச் சிகரம் 14,259 அடி. தனியாகவும், பிறருக்கு வழிகாட்டியாகவும் அவர் அதில் ஏறியது எத்தனை தடவை தெரியுமா? ஏறக்குறைய முன்னூறு தடவை! சீக்காளிப் பிள்ளைதான், ஸார்!

1889-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ கடற்கரையில், யோஸெமிட்டி வனத்துக்காகப் பாடுபட்ட ஜான் மியூரைத் தற்செயலாகச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரை எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் ஆக்கிவிட்டது. பின்னர் அடிவாரத்தில் ஒரு விடுதி நடத்தினார். சீட்டுக் கச்சேரிக்கும் நடனத்துக்கும் அங்கே இடமில்லை. மலையைப் பார்க்க வந்தவர் மலையைப் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. விடுதிக்கு வரும் குழந்தைகளுக்கென்று 'பாதைப் பள்ளி' ஒன்றும் வைத்தார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவருடன் லாங்ஸ் சிகரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டாள். ஹாரியட் என்ற அந்தச் சிறுமிக்காகத் தம் புத்தகம் ஒன்றில் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார் மில்ஸ்.

அவருடைய போதனா முறை வேடிக்கையானது. நூறு செடிகளின் பெயரை ஒப்பிக்க வைப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு செடி எப்படிப் பிழைக்கிறது, அதற்குப் பகை யார், உறவு யார் என்று குழந்தையே கேட்க வேண்டும். கேட்கும்வரை வழிகாட்டி காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது வீட்டில் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

பல வருஷம் ஊர் ஊராகப் பேசி, பத்திரிகைகளில் எழுதி, அந்த மலைக்காக மில்ஸ் வாதாடினார். 1915 ஜனவரி 26-ந் தேதி ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் கையெழுத்திட, அது தேசீயப் பூங்காவாயிற்று.

அங்கே ஒரு சங்கதி, நம் வாசகிகளுக்காக. எஸ்தர், எலிசபெத் என்று பர்னெல் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் 1916-ல் விடுமுறைக்கு வந்து, மலையில் மனம் பறிகொடுத்து, மில்ஸிடம் பயிற்சி பெற்றார்கள். 1917-ல் அவர்களுக்கு வழிகாட்டி உரிமம் கிடைத்தது. தேசீயப் பூங்கா இலாகா பெண்களுக்கு அப்படி உரிமம் கொடுத்தது அதுவே முதல் தடவை. ஆனால் கொடுத்த கையோடு ஒரு முடிச்சும் போட்டார்கள். மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே போவதானால் ஆண் வழிகாட்டி ஒருவர் கூட வர வேண்டுமாம்! எலிசபெத் அதற்கெல்லாம் அசரவில்லை. பின்னர் லாங்ஸ் சிகரத்துக்கே வழிகாட்டியாக ஆட்களை அழைத்துப் போனார். பாதைப் பள்ளியையும் நடத்தினார். எஸ்தர் 1918-ல் மில்ஸையே மணந்துகொண்டார். நாலே வருஷந்தான், 1922-ல் மில்ஸ் காலமானார்.

சரி, குப்புறப் படுத்தவர்களை அப்படியே விட்டுவிட்டோமே! அவர்கள் பார்க்கும் செடி பாறையோடு ஒட்டிய ஒரு குட்டி மெத்தை போல இருக்கும். அந்த உயரத்தில் செடி வளர்வதற்கு வருஷத்தில் சுமார் நாற்பது நாள்தான் அவகாசம். பாக்கி நாளெல்லாம் பனியும் காற்றும். அதனால் அவசரப்படுவதில்லை, முதல் பூப் பூக்கவே பத்து வருஷம் ஆகலாம்.

அதன்மேல் ஒரு பூட்ஸ் கால் பட்டால்?

இந்தக் கேள்வியைத்தான் பியாட்ரிஸ் வில்லர்டு என்ற பெண் விஞ்ஞானி கேட்டார். 1959-ல் டிரெயில் ரிட்ஜ் என்ற மலைச் சாலையின் ஓரத்தில், பிரயாணிகள் மிதித்துப் பாழாக்கியிருந்த இரண்டு சிறு துண்டு நிலங்களைச் சுற்றி வேலி போட்டார். தரை எப்போது பிழைக்கும் என்று பல ஆண்டுகள் போய்ப் போய்ப் பார்த்தார். அவருக்குத் தலை நரைத்தது. தரை முழுதும் ஆறவில்லை. மோசமாகச் சேதமான இடம் பழையபடி ஆக நூற்றாண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிட்டார். 2003-ல் அவர் காலமானார். அந்தத் துண்டு நிலங்களை 2007-ல் அமெரிக்கச் சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

அதனால்தான் இங்கே நடப்பதற்கே பாடம் உண்டு. பாதை போட்ட இடத்தில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. பாதையே இல்லாத மேட்டில் என்ன செய்வது? "வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக" என்றுதானே நீங்களும் நானும் சொல்வோம்? தப்பு! இருபது பேர் ஒரே தடத்தில் நடந்தால் அங்கே பள்ளம் விழுந்துவிடும். சிதறி, ஆளுக்கொரு வழியாக, முடிந்தவரை கல்லிலிருந்து கல்லுக்குக் கால் வைத்துப் போக வேண்டும். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த பாடம் வேறில்லை.

இன்னொரு பாடம் ஆகாயத்தைப் பற்றியது. கோடையில் காலையில் நீலமாயிருக்கும் வானம் மத்தியானம் இடித்து முழங்கும். மரமில்லாத உச்சியில் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கு வேறென்ன வேண்டும்? ஆகவே உச்சிக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே புறப்படுகிறார்கள். நடுப்பகலுக்குள் மரங்களுக்குக் கீழே திரும்பிவிடுகிறார்கள். உச்சி இன்னும் நூறு அடிதான் என்றாலும் மேகம் கறுத்தால் திரும்பத்தான் வேண்டும். பெரியவர்களுக்குத்தான் இந்தப் பாடம் ஏறுவதில்லையாம்.

ஸெப்டம்பர் வந்ததும் காட்சி மாறுகிறது. பாறை இடுக்கில் பைக்கா என்று ஒரு பிராணி. எலி போலிருந்தாலும் முயலுக்கு உறவு. நம் வீட்டுப் பாட்டி மொட்டை மாடியில் வடாம் காய வைப்பது போல், புல்லையும் பூவையும் வெட்டிவந்து சேர்த்து, குளிர் காலத்துக்கு வைக்கோல்போர் போடுகிறது. அதன் வாயில் பூங்கொத்தோடு ஓடுவதைப் பார்த்தால், கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டது போலிருக்கும். சரிவுகளில் ஆஸ்பென் மரங்கள் பொன் காசாய் மின்னுகின்றன. தோப்பு முழுவதும் ஒரே வேரிலிருந்து கிளம்பிய ஒரே மரமாகவும் இருக்கலாம் என்று சொன்னால், பிள்ளைகள் திரும்பவும் எண்ணத் தொடங்குகிறார்கள்.

அந்தத் தோப்புகள் சிலவற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் வேலி. "இங்கே எதற்கு வேலி?" என்று எந்த வகுப்பிலும் யாராவது கேட்டுவிடுவார்கள். பதில் ஒரு கதை. எல்க் என்ற பெரிய மானை அந்த வட்டாரத்தில் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். ஓநாயையும் ஒழித்தார்கள். பிறகு மனம் வருந்தி, 1913-லும் 1914-லும் யெல்லோஸ்டோனிலிருந்து எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மான் வந்தது; ஓநாய் இல்லை. மந்தை பெருகி, ஆஸ்பென் கன்றுகளையும் ஆற்றோர வில்லோப் புதர்களையும் மேய்ந்து தள்ளியது. ஆகவே 2008 முதல் வேலி. மானுக்குத்தான் தடை, மனிதர்கள் நுழையக் கதவு உண்டு. வேலிக்கு உள்ளே கன்றுகள் தழைத்திருக்கும். வெளியே கடித்த குச்சிகள். இரண்டையும் பார்த்த குழந்தைக்கு வாத்தியார் பேச வேண்டியது அதிகமில்லை.

2020-ல் இந்த வகுப்பறையே தீப்பற்றியது. அக்டோபர் 21-ந் தேதி ஒரே நாளில் எண்பதினாயிரம் ஏக்கருக்கு மேல் விழுங்கிய 'ஈஸ்ட் டிரபிள்ஸம்' காட்டுத் தீ, மரமே இல்லாத மலைமுதுகையும் தாண்டிக் குதித்து மறுபக்கம் பற்றிக்கொண்டது. அந்த வருஷத் தீக்களில் பூங்காவுக்குள் கருகியது ஏறத்தாழ 30,000 ஏக்கர். லாட்ஜ்போல் பைன் மரத்தின் காய்களில் ஒரு வகை, பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் சூட்டில்தான் திறந்து விதையைச் சிந்தும். கருகிய சரிவுகளும் இன்று பாடப் புத்தகந்தான்.

நீங்கள் ஒருநாள் அங்கே போக நேர்ந்தால், ஸெப்டம்பர் கடைசியில், அந்தி நேரத்தில் மொரெய்ன் பார்க் என்ற புல்வெளியின் ஓரம் நில்லுங்கள். அப்போது மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை வரை புல்வெளிக்குள் கால் வைக்கக் கூடாது. இது மான்களின் சுயம்வர காலம். ஓரத்தில் நிற்கும் தொண்டர் உங்கள் கார்க் கதவை மெதுவாகச் சாத்தச் சொல்வார். அரை டன் வரை கனமிருக்கக்கூடிய ஆண் எல்க் கழுத்தை நீட்டும். அடித் தொண்டையில் தொடங்கும் குரல் ஏறி ஏறி, மெல்லிய சீழ்க்கையாய் மாறும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரலா என்று குழந்தைகளுக்குச் சிரிப்பு வரும். தொண்டர் உதட்டில் விரலை வைப்பார். எதிர்ச் சரிவிலிருந்து இன்னொரு மான் பதில் சொல்லும்.