நிலக்கரியா, அணுவா? உங்க கரண்ட் பில்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

வேப்பனப்பள்ளியில் அனல்மின் நிலையமும் இல்லை, அணுமின் நிலையமும் இல்லை. ஆனால் இருட்டிய பிறகும் வீட்டில் ஃபேன் சுத்தணும், குருபரப்பள்ளி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் ஓடணும். சூரிய மின்சாரம் கிடைக்காத அந்த நேரத்தில் பெரிய பாரத்தைத் தாங்குவது நிலக்கரி. அதற்குத் துணை நிற்பது அணுசக்தி. இந்த ரெண்டில் எது நல்லது? வாங்க, பார்ப்போம்.

நம்ம வீட்டுக்கு வருவது எது?

பிரித்துச் சொல்ல முடியாது. நமக்குப் பக்கத்தில் உள்ள பெரிய அனல்மின் நிலையமான மேட்டூர் (1,440 மெகாவாட்), தென்கோடியில் உள்ள கூடங்குளம் (தலா 1,000 மெகாவாட்டில் இயங்கும் இரண்டு அலகுகள்) எல்லாம் ஒரே மின்தொகுப்பில்தான் சேர்கின்றன. எல்லை தாண்டிக் கர்நாடகாவிலும் இதே கதைதான். அங்கே ராய்ச்சூரில் நிலக்கரி, கைகாவில் அணு. கூடங்குளம் மின்சாரத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

வேலை ஒன்று, எரிபொருள் வேறு

இரண்டிலும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றித்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். அனல் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. அணு உலையில் யுரேனிய அணுக்கள் பிளந்து சூட்டைத் தருகின்றன. அங்கே புகை கிடையாது.

இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முழுவதும் நிலக்கரி மின்சாரம் என்றால் சுமார் 140 கிலோ நிலக்கரி எரியணும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்பதால் 50 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். கிட்டத்தட்ட 190 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். அதே 200 யூனிட்டுக்குக் கூடங்குளம் மாதிரியான உலையில் ஒரு கிராமுக்கும் குறைவான எரிபொருள் போதும்.

அப்படியென்றால் அணுதான் சிறந்ததா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பயன்படுத்திய அணு எரிபொருள் அளவில் சிறியதுதான். ஆனால் அதன் கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான வருடம் நீடிக்கும். தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கணும். விபத்து அபூர்வம், நடந்தால் பாதிப்பு பெரிது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் போராடியதற்கு அந்தப் பயமே காரணம். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூடங்குளத்துக்கு அனுமதி அளித்தபோதும், பாதுகாப்புக்காக 15 கட்டளைகளைச் சேர்த்தே அளித்தது.

நிலக்கரியின் பாதிப்பு ஒரே நாளில் வெடிப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவதாக மீனவர்கள் சொல்வது நெடுநாள் புகார். சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்துவது இந்தச் சுமையைக் குறைக்கும் ஒரு வழி.

செலவும் நேரமும்

அணு உலை கட்டப் பணமும் காலமும் நிறைய வேணும். கூடங்குளத்துக்கு 1988இல் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசியில். ஓடத் தொடங்கினால் எரிபொருள் செலவு குறைவு, உற்பத்தி சீராக இருக்கும். ஆனால் எரிபொருள் மாற்ற ஓர் அலகை நிறுத்தினால் 1,000 மெகாவாட் ஒரே அடியாகக் குறையும். அனல் நிலையத்தைச் சீக்கிரம் கட்டலாம், தேவைக்கேற்ப உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் நிலக்கரி விலை ஏறினால் மின்சாரத்தின் அடக்க விலையும் ஏறும்.

ஆக, சுவிட்ச் போடும் நமக்கு வெளிச்சம். அதன் சுமை மேட்டூருக்கோ, எண்ணூருக்கோ, இடிந்தகரைக்கோ, அடுத்த தலைமுறைக்கோ போகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் தூரத்தில் இருக்கும் நமக்கும் பேச உரிமை இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மின்கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டண மாற்றத்துக்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் இதற்கான கூட்டங்கள் நடந்தன. எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம்.

• உங்கள் பகுதியில் பெரிய தொழில் திட்டம் வந்து, அதற்குச் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்பட்டால், குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வரணும். கூட்டத்துக்குப் போங்க, பேசுங்க.

• மின்தடை, பில் குறைகளுக்கு ‘மின்னகம்’ எண்: 94987 94987.

• மாலை நேரத்தில் தேவையில்லாத ஒரு விளக்கையோ மோட்டாரையோ அணைத்தால், அந்த அளவுக்குச் சாம்பலும் குறையும், உங்க பில்லும் குறையும்.